இருபதுக்கு இருபது

“அந்தச் செத்துப்போன சிப்பாயோட அப்பா இன்னிக்கும் வந்திருக்காரு சார். மூணு நாளா கேட்டை விட்டு நகர மாட்டேங்கறாரு” என்றார் வாசல் காவலாளி.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. பாவமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

நான் பட்டாளத்துக்குப் பாடம் தயாரிக்கிறவன். துப்பாக்கியைத் தொட்டதுகூடக் கிடையாது. ஆனால் எந்தச் சிப்பாய் எதை, எத்தனை நிமிஷத்தில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இந்த ஏ.சி. அறையில் உட்கார்ந்து முடிவு செய்வது நான்தான். கண்ணிவெடி தேடும் பாடம் என்னுடையது. படிப்பதும் கம்ப்யூட்டரில், பரீட்சையும் கம்ப்யூட்டரில். இருபது கேள்வி. பாஸானால்தான் களத்தில் இறக்குவார்கள். இதுவரை முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதி, ஒருத்தர்கூட பெயிலாகவில்லை. அதற்குக் கொடுத்த கேடயம் என் மேஜைமேல்தான் இருக்கிறது.

அந்த முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒருவன் போன மாதம் கண்ணிவெடியில் காலை வைத்துவிட்டான். விசாரணை அறிக்கை என் முன்னால் கிடந்தது. ‘பயிற்சியில் குறை இல்லை. இறந்தவரின் கவனக்குறைவே காரணம்.’ என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“சரி, வரச் சொல்லு. பேசி அனுப்பிடறேன்.”

வந்தவர் ஒரு தையல்காரர். இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்கக்கூட மறந்து அப்படியே வந்திருந்தார்.

“உட்காருங்க பெரியவரே. உங்க கஷ்டம் புரியுது. ஆனா உங்க மகன் பரீட்சையில இருபதுக்கு இருபது வாங்கியிருக்கார். எல்லாம் தெரிஞ்சிருந்தும் கவனிக்காம காலை வெச்சுட்டார். அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும், சொல்லுங்க?”



“அந்தப் பரீட்சையை எனக்கு ஒருவாட்டி வைங்க சார்.”

“என்னது?”

“நான் எழுதிப் பாக்கறேன்.”

“ஏங்க, விளையாடறீங்களா? இதுக்குப் பதினஞ்சு நாள் பயிற்சி இருக்கு.”

அந்த நேரம் பார்த்து மேஜரின் போன். அவர் பேசினால் அறைக்கே கேட்கும்.

“என்னய்யா, இன்னுமா கையெழுத்துப் போடல? அறிக்கை வந்தாத்தான் திங்கக்கிழமை அடுத்த பேட்ச்சை அனுப்ப முடியும். நாப்பது பேர் பாஸாகி, மூட்டை கட்டிட்டு உக்காந்திருக்கானுங்க!”

“பத்தே நிமிஷம் சார்.”

போனை வைத்தேன். பெரியவர் நகர்கிறவராகத் தெரியவில்லை. சரி, எழுதட்டும். ரெண்டு மார்க் வாங்கினால், இது எவ்வளவு கஷ்டமான பரீட்சை என்று அவருக்கே புரிந்துவிடும். புறப்பட்டுப் போய்விடுவார்.

பரீட்சையைத் திறந்து கொடுத்தேன். அவர் சட்டைப் பையைத் தடவினார்.

“கண்ணாடியைத் தையல் மெஷின் மேலயே வெச்சுட்டு வந்துட்டேன் போலிருக்கு.”

“அப்புறம் எப்படிப் படிப்பீங்க?”

“பரவால்ல சார். எழுத்து கலங்கலாத்தான் தெரியுது. இது போதும்.”

தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். அவர் திரையில் விரலை வைத்து வைத்து எடுத்தார். நான் வேறு பைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது, பரீட்சை முடிந்ததென்று கம்ப்யூட்டரில் மணி அடித்தது.

“சார், பச்சையா ஏதோ வந்திருக்கு. என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க.”

எட்டிப் பார்த்தேன். நான் எழுதி வைத்த வரிதான்.

“பாராட்டுகள். இருபதுக்கு... இருபது. நீங்கள் களத்தில் இறங்கத் தயார்.”

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

“எப்படிங்க? உங்களுக்கு யார் விடை சொன்னது?”

“எம்மவன்தான் சார். பாஸான அன்னிக்குப் போன் பண்ணான். ‘படிக்கவே வேணாம்ப்பா. நாலு பதில்ல எது நீளமா இருக்கோ அதைத் தொட்டாப் போதும். நீ வந்தாக்கூட பாஸாயிடுவே’ன்னு சொல்லிச் சிரிச்சான். நானும் சேர்ந்து சிரிச்சேன் சார்.”

கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினேன். முதல் கேள்வி. இரண்டாவது. ஏழாவது. பதினான்காவது. சரியான பதிலில் யாரும் குறை கண்டுபிடித்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து, ஒன்றரை வரிக்கு விளக்கி எழுதியிருந்தேன். தப்பான பதில்கள்தானே என்று மற்ற மூன்றையும் ரெண்டு ரெண்டு வார்த்தையில் முடித்திருந்தேன். இருபதும் அப்படியே. இத்தனை நாளில் ஒருநாள்கூட என் கண்ணில் படவில்லை.



அவசர அவசரமாக அறிக்கையை எடுத்துப் பேனாவைத் திறந்தேன். என்னால் முடிந்தது அதுதானே.

“பெரியவரே, ‘கவனக்குறைவு’ங்கறதை இப்பவே அடிச்சுடறேன். உங்க மகனுக்கு ஒரு கெட்ட பேரும் வராது. நான் பொறுப்பு.”

அவர் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அதைக் கேக்கவா சார் மூணு நாளா வெயில்ல நிக்கறேன்? அவன் கூட்டாளி ஒருத்தன் அந்த நாப்பதுல இருக்கான். அவனும் நீளத்தைப் பாத்துத்தான் தொட்டானாம். எம்மவன் கவனமில்லாதவனாவே இருந்துட்டுப் போகட்டும். திங்கக்கிழமை அந்தப் பசங்களை மட்டும் அனுப்பாதீங்க.”