கையில் எழுதிய எண்

மாரத்தான் முடித்த இருபத்திரண்டாம் நாள் சிவநேசன் மறுபடி ஓடக் கிளம்பினான். பூங்கா வாசலில் மனைவி மங்கை அவன் முன்கையைப் பிடித்து, தன் போன் எண்ணைப் பேனாவால் அழுத்தி எழுதினாள். மாரத்தான் அன்று அவன், முட்டி வீங்கிப் படுத்துவிட்ட நண்பன் ரெஜியின் நம்பர் சீட்டை நெஞ்சில் குத்திக்கொண்டு ஓடியிருந்தான். முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் நெஞ்சு இறுகி மயங்கி விழுந்தபோது, சீட்டின் பின்பக்கம் இருந்த எண்ணுக்கு அழைத்தார்கள். "உங்க வீட்டுக்காரர் விழுந்துட்டாரும்மா." ரெஜியின் மனைவி பக்கத்தில் குறட்டை விடும் கணவனைப் பார்த்தாள். "ஏமாத்துறதுக்கு வேற ஆளப் பாருங்க" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். மங்கைக்கு யாரும் சொல்லவில்லை. தானாகக் கண்விழித்து, மீதித் தூரத்தை நடந்தே முடித்தான்.

"மூணே ரவுண்டு. நான் இங்கயே நிக்கிறேன்" என்றாள் மங்கை. "நெஞ்சு ஏதாச்சும் பண்ணுச்சுன்னா உக்காந்துருங்க."

இரண்டாவது சுற்றில் அதே இறுக்கம் வந்தது. உட்கார நினைத்தான். அதற்குள் இறுக்கம் சட்டென்று விட்டுப்போய், கால்கள் எடையே இல்லாமல் ஓடின. வளைவு திரும்பியதும் வாசல் தெரிந்தது. மங்கை போனைக் காதில் வைத்திருந்தாள். "விழுந்துட்டாரா? எங்க?" என்றவளின் முகம் வெளிறியிருந்தது. நிமிர்ந்தவள், ஓடி வரும் அவனைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டாள்.