சிறகை விரித்தால்தான் தெரியும்

அது உட்கார்ந்தே இருந்தது.

மற்ற கடற்காகங்கள் எல்லாம் அவன் தலையைக் கண்டதும் எழும்பி, ஒரு வட்டமடித்து, தள்ளிப் போய் இறங்கிவிட்டன. இது மட்டும் அலை வந்து தொடுகிற ஓரத்தில், ஈர மணலில், கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது.

அவன் குப்புறப் படுத்து கேமரா வழியாகப் பார்த்தான்.

சின்ன உடம்பு. கறுத்த அலகு. முதுகெல்லாம் செதில் செதிலாகச் சாம்பலும் பழுப்பும்.

மணப்பாட்டுக் கரையில் வருஷா வருஷம் வந்து இறங்குகிற கூட்டத்தில் இப்படி ஒன்றை அவன் பார்த்ததே இல்லை. ரெண்டு நாளாக அடித்த புயல்காற்று எங்கிருந்தோ தள்ளிக்கொண்டு வந்து போட்டிருக்கிறது.

அவன் நினைக்கிற பறவைதான் என்றால், அது வடதுருவத்துப் பக்கம் முட்டையிடுவது. இந்தக் கரையில் யாரும் அதைப் பார்த்ததாக அவன் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் சிறகை மடக்கி உட்கார்ந்திருக்கும்வரை எதையும் அடித்துச் சொல்ல முடியாது. விரித்தால் தெரிந்துவிடும். கறுப்பு, வெள்ளை, பழுப்பு என்று மூன்று முக்கோணங்கள். அதை மட்டும் ஒரு படம் பிடித்துவிட்டால் வாட்ஸப் குழுவில் எந்தக் கொம்பனும் வாயைத் திறக்க முடியாது. "சரியாப் பாத்தீங்களா சார்?" என்று கேட்பதற்கென்றே அங்கே நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எழுந்து ரெண்டு எட்டு வைத்தான்.

பறவை நடந்தது. பறக்கவில்லை.

கையைத் தட்டினான்.

எழும்பியது. கேமராவின் ஃபோகஸ் பறவையைக் கோட்டைவிட்டு, அதற்குப் பின்னால் இருந்த அலையைப் பிடித்துக்கொண்டது.

அது வெகுதூரம் போகவில்லை. இறங்கியதும் நெஞ்சு மணலில் படியப் படுத்தேவிட்டது.

செருப்பைக் கையில் பிடித்தபடி பின்னால் வந்துகொண்டிருந்த உலகம்மை நின்றாள். அவன் மனைவி. பறவை விஷயத்தில் அவள் தலையிடுவதே இல்லை. லீவு நாளில் எந்தக் குளத்தங்கரையில் கொண்டுபோய் நிறுத்தினாலும் குடையை விரித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிடுவாள்.

"விட்டுருங்களேன். அது களைச்சுப்போயில்லா வந்து உக்காந்திருக்கு."

"ஒரே ஒரு படம்."

திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னான். சொன்ன பிறகுதான் சுருக்கென்றது.

போன தை மாதம், ஆஸ்பத்திரி வராந்தாவில், இதே குரலில் சொல்லியிருக்கிறான். ஒரே ஒரு டெஸ்ட்.

உலகம்மையின் அம்மா மருமகனிடம் நேராகப் பேசுகிறவர் இல்லை. எதுவானாலும் மகள் வழியாகத்தான் வரும். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போயிருவம்னு அவுககிட்ட சொல்லுட்டி" என்றார். அவன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். காதில் நன்றாகவே விழுந்தது. ஆனாலும் உலகம்மை முறைப்படி அவனிடம் வந்து சொன்னாள்.

ஒரு தடவைதான் சொன்னாள்.

என்ன நோய் என்றே தெரியாமல் எப்படி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது? அவன் விடவில்லை. மதுரைக்குக் கொண்டுபோனான். அங்கேயும் பிடிபடாமல் சென்னைக்குக் கொண்டுபோனான். மாமியாருக்காக இந்தக் காலத்தில் எவன் இப்படி நாயாய் அலைகிறான் என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கடைசியில் ஒரு டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். வாயில் நுழையாத பெயர். அவன் அதை ஒரு தடவையிலேயே பிடித்துக்கொண்டான். வராந்தாவுக்கு ஓடிவந்தான்.

"பேரு தெரிஞ்சிருச்சு உலகு!"

சிரித்துக்கொண்டு சொன்னான். நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு உடம்பு கூசுகிறது.

அதற்கு மருந்து இல்லை என்று பிறகுதான் சொன்னார்கள். அத்தை வீட்டுக்குத் திரும்பவே இல்லை. அவரை விட்டிருக்கலாம். தன் கட்டிலில், தன் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, நாலு நாள் கிடந்துவிட்டுப் போயிருப்பார். உலகம்மை இதை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை.

இவ்வளவும் தெரிந்துதான் அவன் மறுபடி கையைத் தட்டினான்.

பறவை எழும்பியது. சிறகுகள் முழுசாக விரிந்தன.

கறுப்பு. வெள்ளை. பழுப்பு.

கேமரா படபடவென்று அடித்தது. என்ன அழகு! வாய்விட்டே கத்திவிட்டான்.

பறவை காற்றோடு மல்லுக்கட்டிப் பார்த்தது. முடியவில்லை. ஒருக்களித்துச் சரிந்து, உடைகிற அலைக்குள் விழுந்தது.

அவன் ஓடிப்போய் இறங்கினான். இடுப்பளவுத் தண்ணீர். கேமரா நனைந்துவிடக் கூடாதென்று ஒரு கையால் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான். அதனால் பறவைக்கு நீட்ட ஒரு கைதான் இருந்தது.

விரல் நுனியில் இறகு பட்டது.

அடுத்த அலை அதைச் சுருட்டிக்கொண்டு போயிற்று. அதற்கடுத்த அலையில் நுரை மட்டும்தான் வந்தது.

ரொம்ப நேரம் அங்கேயே நின்றுவிட்டுக் கரையேறினான். உலகம்மை அவனை உட்காரவைத்து முந்தானையால் தலையைத் துவட்டிவிட்டாள். ரெண்டு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

கேமராவின் சின்னத் திரையில் படம் பளிச்சென்று இருந்தது. மூன்று முக்கோணங்களும் வரைந்துவைத்தது மாதிரி விழுந்திருந்தன. இனி யாரும் சந்தேகப்பட முடியாது.

அவளும் குனிந்து பார்த்தாள்.

"பேரு தெரிஞ்சிருச்சா?"

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பெயர் அவன் நாக்கு நுனியில் இருந்தது.

"தெரியல" என்றான்.