கால் தரையில் படாமல்

காலைத் தூக்கிக்கொள்ளச் சொன்னார் தராசுக்காரர்.

சுப்புலக்ஷ்மி புடவையைக் கணுக்காலோடு ஒடுக்கிக்கொண்டு சங்கிலிகளை இறுகப் பிடித்தாள். எதிர்த்தட்டில் முதல் கதலிக்குலையை வைத்தார்கள். அவளுடைய தட்டு அசையக்கூட இல்லை.

வருஷா வருஷம் அவள் ஜன்ம நட்சத்திரத்தன்று துலாபாரம். சின்னவளைப் பெற்றபோது அவள் பிழைத்து எழுந்ததற்கு மாமியார் நேர்ந்துகொண்டது. எடைக்கு எடை வாழைப்பழம் பகவானுக்கு. அவள் எடை எவ்வளவு என்ற செய்தி வலியசாலைத் தெருவுக்கு.

இந்தத் தடவை கூட்டம் அதிகம். ஒரு வருஷமாக, மழையென்றால் குடையோடு, அவள் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு விடியற்காலையில் நடக்கப் போவதைத் தெருவே ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறது. பலன் என்ன என்று தெரிய வேண்டாமா?

இரண்டாவது குலை. மூன்றாவது.

எடை இறங்கும்வரை தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு முன்னால், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, அவள் தெருமுனையைத் தனியாகத் தாண்டியது கிடையாது. கோயிலுக்கு மாமியார் துணை. கடைக்குக் கணவர் அனந்தபத்மநாபன் துணை. நடக்கவும் முதல் வாரம் அவர் கூடவே வந்தார். நல்லவேளையாக அவருக்குக் குதிகால் வலி வந்தது.

அதன்பிறகு விடியற்காலை அவளுடையதாகிவிட்டது.

நேராகத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போவாள். பொன்முடி மலைக்குப் போகும் முதல் வண்டிக்கு அருகில் நிற்பாள். இன்ஜின் உறுமும். கண்டக்டர் கல்லாறு, பொன்முடி என்று கூவி, ஏறுகிறாளா என்று அவளைப் பார்ப்பார். அவள் ஏறியதில்லை. வண்டி கிளம்பியதும் திரும்பி நடப்பாள். அன்றைக்கு முழுவதும் அடுக்களையில் நிற்க அது போதும்.

நான்காவது குலை வந்தது. ஐந்தாவதும் வந்தது. தட்டு லேசாக ஆடியது.

சுப்புலக்ஷ்மி குலைகளை மறுபடி எண்ணிப் பார்த்தாள். ஐந்து குலைக்கே ஆடுகிறதே. எடை இறங்கிவிட்டதா?

இறங்கியிருந்தால் நாளை முதல் நடக்க வேண்டாம்.

ஈசுவரா, இன்னும் ஒரு குலை. இன்னும் ஒன்று.

இதற்காக அவள் பட்ட பாடு அவளுக்கல்லவா தெரியும். நடந்துவிட்டு வந்தால் பசி பிடுங்கும். நடை மட்டும் உடம்பைக் கரைக்காது, வாயையும் கட்ட வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னதிலிருந்து, நெய்யையும் சர்க்கரையையும் கணவர் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டார். சாவி மாமியார் இடுப்பில். நேந்திரங்காய் உப்பேரி டப்பாவும் ஏடு படிந்த பால் பாத்திரமும் மட்டும் எப்படியோ மேடையிலேயே இருக்கும். மாமியாருக்கு வயதாகிவிட்டது, மறந்துபோகிறாள் என்று சுப்புலக்ஷ்மி நினைத்துக்கொள்வாள். ஷூவைக் கழற்றும் முன்பே பாலேட்டை வழித்து வாயில் போட்டுக்கொள்வாள். ருசிக்காக இல்லை. மருந்து விழுங்குகிற மாதிரி.

பூனை வந்து ஏட்டை நக்கிவிட்டுப் போகிறது என்று மாமியார் தினமும் திட்டுவாள்.

ஆறாவது குலை. ஏழாவது. அதற்கு மேல் ஒரு சீப்பு, இன்னொரு சீப்பு.

மெல்ல, மிக மெல்ல, தட்டு மேலே எழுந்தது. கால்கள் அந்தரத்தில் தொங்கின.

"மதி, மதி" என்று, போதும் என்பதாகக் கையைக் காட்டினார் தராசுக்காரர்.

போன வருஷம் எவ்வளவோ அவ்வளவே. ஒரு பழம் கூடக் குறையவில்லை. சுப்புலக்ஷ்மி கண்ணை மூடிக்கொண்டாள். நாளைக்கும் பஸ் ஸ்டாண்டு உண்டு. நாளன்றைக்கும்.

"காத்தைக் குடிச்சே ஊதறாளோ என்னவோ!" என்றாள் பக்கத்து வீட்டு நாச்சியார் மாமி. கூட்டம் சிரித்தது.

அனந்தபத்மநாபன் சிரிக்கவில்லை. அருகில் வந்து, பரிவாகத்தான் சொன்னார்.

"மதி சுப்பு, நடந்து நடந்து கஷ்டப்பட்டது. மழையிலே நனைஞ்சுண்டு என்னத்துக்கு? எக்சர்சைஸ் சைக்கிள் சொல்லியிருக்கேன், நாளைக்கு வரது. ஆத்துக்குள்ளேயே மிதிச்சுக்கலாம். எத்தனை தூரம்னு மீட்டர் காட்டும், கேட்டயோ. ஆசையா இருந்தா பொன்முடி வரைக்கும் போயிட்டு வாயேன்!"

தன் வேடிக்கைப் பேச்சுக்கு அவரே சிரித்துக்கொண்டு, தேங்காய் உடைக்கப் போனார்.

சக்கரம் சுற்றும், வண்டி நகராது. கூடத்து ஜன்னலோரம்தான் போடுவார். அங்கேதான் இடம் இருக்கிறது.

சங்கிலியைப் பிடித்த கையை அவளால் விட முடியவில்லை.

எதிர்த்தட்டிலிருந்து குலைகளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார்கள். அவளுடைய தட்டு கீழே தாழ்ந்துகொண்டே வந்தது. மாமியார் குனிந்து, அவள் புடவைக் கொசுவத்தை நீவிவிடுகிறவள் போல முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள்.

இப்போது திட்டு விழும் என்று சுப்புலக்ஷ்மி தலையைக் குனிந்துகொண்டாள்.

மாமியார் மகன் போன திசையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு, உதடு அசையாமல் கேட்டாள்.

"சைக்கிள்னா கூடுதலா இளைக்குமாம். அதிலேயும் இளைக்கலேன்னாதான் மறுபடி நடக்க விடுவான். பாலேடு மட்டும் போதுமாடி, இல்லே நெய்யையும் வெளியிலே வெக்கட்டுமா?"