நெல் மூட்டையின் மேல்

தாலி கட்டும் நேரத்தில் பெண் அப்பாவின் மடியில் உட்கார வேண்டும். விடியற்காலையிலிருந்து ‘வாங்கோ, வாங்கோ’ என்று மாப்பிள்ளை வீட்டாரை உபசரித்துக் களைத்திருந்த சபேசன் நெல் மூட்டையின் மேல் அமர, சாருமதி வந்து அவர் மடியில் உட்கார்ந்தாள். ஆனால் பாரமே இல்லை. கூறைப்புடவையின் சரிகைதான் தொடையை உரசியது. உடம்பு முழுவதையும் பாதங்களில் ஊன்றி நிறுத்திக்கொண்டிருந்தாள்.

“நன்னா உக்காரும்மா.”

“உக்காந்துண்டுதாம்பா இருக்கேன். உன் முட்டி தாங்காது.”

“முப்பத்தாறு வயசுக் குழந்தை, சபேசா! பாத்துப் பிடிச்சுக்கோ!” என்றாள் அவருடைய அக்கா கோமு. மண்டபம் சிரித்தது.

அம்மா போனதும் சமையலறைக்குள் நுழைந்த நாளிலிருந்து சாருமதி இப்படித்தான். காய்ச்சலில்கூடச் சுவரில்தான் சாய்ந்துகொள்வாள். ‘என் பெண் ஒரு கஷ்டமும் கொடுத்ததில்லை’ என்று அவரும் பெருமை பேசியே காலத்தை ஓட்டிவிட்டார். இப்போது அவள் கெண்டைக்கால் நடுங்குவது அவருக்குத் தெரிந்தது. நாளை அவள் வேறு வீட்டில் இருப்பாள். அவள் இடுப்பைப் பிடித்து மெல்லக் கீழே இழுத்தார். அவள் இறங்கவில்லை.

கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை முகுந்தன் குனிந்து தாலியைக் கட்டினான். நாத்தனார் கடைசி முடிச்சைப் போட்டு நகர்ந்ததும் சாருமதி சட்டென்று தளர்ந்தாள். முழுப் பாரமும் அவர் மடியில் இறங்கியது. முட்டியில் வலி சுளீரென்றது. அவள் தலை அவர் தோளில் சாய்ந்தது.

“எழுந்துக்கலாம்மா” என்றார் சாஸ்திரிகள். முகுந்தன் அவளிடம் கையை நீட்டினான்.

“கொஞ்சம் பொறுங்கோ மாப்ளே,” என்றார் சபேசன். “இப்பத்தான் உக்காந்திருக்கா.”