உறை பிரிக்காத ரோபோ கை

பெரிய தொழிற்சாலை வேலைக்குப் பிள்ளைகளைத் தயார் பண்ணத்தான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ரோபோ கை வந்தது. சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் யாரும் பிரிக்கவில்லை.

“என் மேல் ஒரு கீறல் உண்டா பார்!” என்றது கை. “உனக்குத்தான் உடம்பெல்லாம் காயம்.”

“பிள்ளைங்க கை பட்டது, அப்படித்தான் இருக்கும்” என்றது மேசைமேல் கிடந்த திருப்புளி.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாரந்தோறும் வந்து, சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து ரோபோ கையை வரைந்தார்கள். “யாரும் தொட்டுக் கெடுத்துடாதீங்கப்பா” என்பார் வாத்தியார். கைக்குப் பெருமை தாங்காது.

ஆயுத பூஜை வந்தது. உறைக்கு மேலேயே சந்தனம், குங்குமம், மாலை. பொரிகடலை வாங்கிக்கொண்டு எல்லோரும் போனபின், பூங்கோதை என்ற மாணவி மட்டும் திரும்பி வந்து கையின் முன் கும்பிட்டு நின்றாள்.

“உன்னை மாதிரி ஒண்ணை ஓட்டுற வேலை எனக்குக் கிடைக்கணும், சாமி.”

கைக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

“ஆசீர்வாதமாவது பண்ணேன்” என்றது திருப்புளி.

தன்னைத் தூக்கப் பார்த்தது கை. வந்த நாளிலிருந்து யாரும் பிளக்கை மாட்டவே இல்லை.