பொட்டு வைக்காத இடம்

புது மின்சாரக் காருக்குப் பூசை போட்ட கையோடு தணிகைவேல் இன்சூரன்ஸ் எடுத்தார். பொட்டு வைத்த பம்பருக்கும் கண்ணாடிக்கும் கூடுதல் காப்பு வாங்கினார். பேட்டரியை மட்டும், "அது உள்ளேதானே இருக்கு" என்று விட்டுவிட்டார்.

"எனக்கு ஏன் இல்லை?" என்று அடியிலிருந்து பேட்டரி கேட்டது.

"உன்னை யார் பார்க்கிறார்கள்?" என்றது பம்பர்.

"உனக்கு அடிபட்டாலும் வண்டி ஓடும். எனக்குள் தண்ணீர் புகுந்தால் ஓடாது."

பம்பர் சிரித்தது.

ஐப்பசி மழையில் தெருவே மூழ்கியது. வெள்ளம் காரை இழுத்துப்போய் மதிலில் மோதியது. தண்ணீர் வடிந்ததும் இன்சூரன்ஸ்காரர்கள் வந்தார்கள். நசுங்கிய பம்பரை நிமிர்த்திப் பளபளவென்று பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். பேட்டரிக்குக் கையை விரித்தார்கள்.

தணிகைவேல் பம்பருக்கு மறுபடியும் பொட்டு வைத்தார்.

"கிளம்பலாமா?" என்று பம்பர் கேட்டது.

அடியிலிருந்து பதில் வரவில்லை.