லேசான ரோலர்

கருப்பட்டி என்றொரு நாய். அதன் தெருவில் இருந்த பெரிய ஸ்கூட்டர் காலையில் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம், ஊர்க்கதை பேசியபடியே தெருமுனைவரை கூடவே ஓடும்.

ஒரு நாள் ஸ்கூட்டர் கிளம்பிய வேகத்தில் கருப்பட்டி பாதித் தெருவிலேயே பின்தங்கிவிட்டது. தனக்குத்தான் வயசாகிவிட்டதோ என்று அன்று முழுக்க அதற்கு ஒரே கவலை.

சாயங்காலம் ஸ்கூட்டர் திரும்பியதும், "அண்ணே, எம்மேல ஏதும் கோபமா?" என்று கேட்டது.

"சேச்சே, கோபமெல்லாம் இல்லடா. சட்டுனு கிளம்பணும்னு ஓனருக்கு ஆசை. மெக்கானிக் என் வயித்துக்குள்ள உருண்டுக்கிட்டிருந்த கனமான குட்டி ரோலரையெல்லாம் கழட்டிட்டு லேசானதா மாட்டிட்டாரு. ஆக்சிலேட்டரைத் தொட்டாலே பாய்ஞ்சிடுறேன். எப்படின்னு எனக்கே புரியலை."

வயிறு லேசானால் வேகம் வந்துவிடும்போல என்று கருப்பட்டி நினைத்துக்கொண்டது. அன்று வைத்த பால்சோற்றை மோந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் கொஞ்ச தூரம் ஓடுவதற்குள் அதற்குக் கால் பின்னியது, கண் இருட்டியது. ஸ்கூட்டர் உறுமிக்கொண்டு பறந்துவிட்டது. ஸ்கூட்டருக்குப் பலித்தது தனக்கு மட்டும் ஏன் பலிக்கவில்லை என்று குழம்பிக்கொண்டே கருப்பட்டி தள்ளாடித் தள்ளாடித் தெருமுனைக்கு நடந்தது.

அங்கே சிக்னலில் சிவப்பு விளக்கு எரிய, ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தது.

"அண்ணே, எனக்காகவா நிக்கிறீங்க?" கருப்பட்டியின் வால் ஆடத் தொடங்கியது.

ஸ்கூட்டர் விளக்கைப் பார்த்தது. அந்த வாலையும் பார்த்தது.

"ஆமாண்டா," என்றது.